கழுவாததைக் கிருமிநீக்க முடியாது: மருத்துவக் கருவிகளின் மறுபயன்பாடு குறித்து வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. ஒருவருக்குப் பயன்பட்ட மருத்துவக் கருவியை இன்னொருவருக்கோ, அவருக்கே மறுமுறையோ பயன்படுத்தலாமா என்பதுதான் அது. மருத்துவமனை ஒன்றின் கருவிக் கிருமிநீக்கப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்பதால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஒத்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

என் அக்கா, தன் மகனுக்கு வாங்கிய நெபுலைசரை என் மூன்று வயது மகளுக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

இயந்திரத்தை வாங்கிக்கொள்ளுங்கள், முகமூடி, மருந்துக் கிண்ணம், குழாய் ஆகியவற்றை வாங்காதீர்கள். காற்றைத் தள்ளும் இயந்திரம் நோயாளியின் மூச்சைத் தொடுவதில்லை. அதன் வெளிப்புறத்தைத் துடைத்து, காற்று வடிகட்டியைப் புதிதாக மாற்றினால் போதும். ஆனால் மருந்து நிரப்பும் கிண்ணமும் முகமூடியும் ஒரு குழந்தையின் எச்சிலையும் சளியையும் நேரடியாகச் சந்தித்தவை. அவை தனித்தொகுப்பாகவே விற்கப்படுகின்றன. மகளுக்கெனப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

அதன்பின் அவற்றை அவளுக்கே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதும் மறுபயன்பாடுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைப் பிரித்து, மிச்ச மருந்தைக் கொட்டி, சோப்பு நீரில் கழுவி அலச வேண்டும். கையேடு அனுமதித்தால், கழுவிய பாகங்களை நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் கொதிநீரில் போட்டெடுக்கலாம். குழாய்நீரில் அலசியதோடு நிறுத்திவிடக் கூடாது. கடைசி அலசலுக்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரே நல்லது. பிறகு சுத்தமான துணியின்மேல் பரப்பி, காற்றில் முழுவதும் உலரவிட வேண்டும். ஈரத்தோடு மூடி டப்பாவில் வைத்த கிண்ணம் கிருமிகளுக்கு நல்ல இருப்பிடம். அடுத்தமுறை அந்தக் கிருமிகளை நுண்துளிகளாக்கி நுரையீரலின் அடிவரை நாமே அனுப்பிவைக்கிறோம். வினிகரில் ஊறவைப்பதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். கிருமிநீக்கத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

அறுவைச் சிகிச்சையில் பயன்படும் கத்தரிகளும் இடுக்கிகளும் எனக்கு முன் எத்தனையோ பேரின் உடலைத் தொட்டவை என்று அறிந்ததிலிருந்து அச்சமாக இருக்கிறது. அவற்றை எப்படி நம்புவது?

அறுவைக் கருவிகள் மீண்டும் மீண்டும் பயன்படுவதற்காகவே எஃகில் செய்யப்பட்டவை. ஆகவே அவை முன்பு பயன்பட்டவை என்பதற்காக அஞ்ச வேண்டாம். இடையில் நடக்க வேண்டிய வேலை ஒழுங்காக நடந்ததா என்று கேட்பதே முறை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் என் மேற்பார்வையாளர் ஓர் இடுக்கியை என் கையில் தந்து, "இது சுத்தமா?" என்று கேட்டார். இரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் சிறிய இடுக்கி அது, கண்ணாடிபோல மின்னியது. சுத்தம் என்றேன். அவர் அதன் இரு கைப்பிடிகளையும் முழுவதுமாக விரித்து, விளக்கு பொருத்திய உருப்பெருக்கியின் கீழே வைத்தார். இரண்டு கால்களும் குறுக்கே பூட்டிக்கொள்ளும் மூட்டின் இடுக்கில், கடுகின் பாதி அளவுக்கு, பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்தேன். ஊசிமுனையால் சுரண்டியபோது பொடியாக உதிர்ந்தது, காய்ந்த இரத்தம். மூடிய நிலையிலேயே யாரோ அதைக் கழுவியிருந்தார்கள். அந்த இடுக்கி இருந்த கருவித் தட்டு முழுவதும் திரும்பக் கழுவ அனுப்பப்பட்டது.

இந்தத் துறையின் அடிப்படையே அந்தப் பொட்டில் இருக்கிறது. ஒரு கருவியின்மேல் இரத்தமோ திசுவோ கொழுப்போ ஒட்டியிருந்தால் நீராவியும் மருந்தும் அதற்கு அடியில் இருக்கும் கிருமியைச் சென்றடைவதில்லை. எனவே கொல்வதற்கு முன் கழுவ வேண்டும். கழுவுவதற்கு முன் கருவி காய்ந்துவிடாமல் பார்க்க வேண்டும். அறுவை முடிந்த உடனேயே கருவிகளை ஈரமாக வைத்திருப்பதும், முதல் அலசலுக்குச் சுடுநீர் கூடாது என்பதும் இதனால்தான். முட்டையின் வெண்கரு சூட்டில் உறைவதுபோல இரத்தத்தின் புரதமும் உறைந்து எஃகோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு புரதத்தைச் சிதைக்கும் நொதி கலந்த கரைசலில் ஊறவைத்து, மூட்டுகளைத் திறந்து, பற்களையும் துளைகளையும் அவற்றுக்குரிய தூரிகையால் தேய்த்து, அலசி, உலர்த்தி, உருப்பெருக்கியில் பார்த்து, அதன்பின் பொதிய வேண்டும்.

அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் கலமான ஆட்டோகிளேவுக்குள் கருவி போவது அதற்கும் பிறகுதான். பாஸ்டரின் கூட்டாளியான சார்லஸ் ஷாம்பர்லான் 1879-இல் உருவாக்கிய அந்தக் கலத்தின் தத்துவம் இன்றும் மாறவில்லை. அழுத்தத்தில் உள்ள நீராவி குளிர்ந்த எஃகின்மேல் பட்டு நீராகும்போது தன்னுள் இருக்கும் வெப்பம் முழுவதையும் அங்கே இறக்கிவிடுகிறது. உலர்ந்த சூட்டைவிட அது மிக விரைவாகக் கொல்வது இதனால்தான். பொதிந்த கருவிகளுக்கு, காற்று தானாக வெளியேறும் சாதாரணக் கலத்தில் 121 பாகை செல்சியஸில் 30 நிமிடமும், காற்றை முதலில் உறிஞ்சியெடுக்கும் கலத்தில் 132 பாகையில் 4 நிமிடமும் பரவலாகப் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அளவுகள். பொதிக்குள் காற்று சிக்கிக்கொண்டால் நீராவி அந்த இடத்தைத் தொடாது. வெப்பமானி சரியான பாகையையே காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே கிருமி உயிரோடு இருக்கும். காற்றை உறிஞ்சும் வகைக் கலங்களில் நாள்தோறும் முதல் சுற்றுக்கு முன் வெறும் கலத்தில் போவி-டிக் சோதனை நடத்துவது இதைக் கண்டுபிடிக்கத்தான்.

பொதியின்மேல் ஒட்டியிருக்கும் நாடாவில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் "ஸ்டெரிலைஸ் ஆகிவிட்டது", அதாவது உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை, என்று பலர், சில செவிலியர்கள்கூட, எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொதி கலத்துக்குள் போய்வந்தது என்பதற்கு மட்டுமே அந்தக் கோடு சாட்சி. உள்ளே வைக்கும் வேதிக் காட்டி அட்டை அதைவிடக் கூடுதலாகச் சொல்லும். உண்மையான தேர்வை நடத்துவது ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் என்ற பாக்டீரியத்தின் வித்துகள். வித்து என்பது பாக்டீரியம் தடித்த ஓட்டுக்குள் உறங்கும் நிலை. வெப்பத்தை மிகவும் தாங்கும் அந்த வித்துகளைச் சிறு குப்பியில் அடைத்துக் கருவிகளோடு கலத்துக்குள் அனுப்பி, பின்னர் வளர்கின்றனவா என்று பார்க்கிறோம். குறைந்தது வாரம் ஒருமுறையும், உடலுக்குள் பொருத்தும் உலோகங்கள் போகும் ஒவ்வொரு சுற்றிலும் இது நடக்க வேண்டும்.

நோயாளியாக நீங்கள் இவற்றையெல்லாம் பார்க்க முடியாது. ஆனால் சிறு சிகிச்சை அறையிலோ பல் மருத்துவரின் நாற்காலியிலோ இருக்கும்போது, கருவிப் பொதி உங்கள் கண்முன் பிரிக்கப்படுகிறதா, அது கிழியாமலும் உலர்ந்தும் இருக்கிறதா, நாள் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். நனைந்த பொதி ஸ்டெரைல் அல்ல. ஈரத்தின் வழியே கிருமி உள்ளே போகும். கேட்பது அவமரியாதையாகாது. பற்களைக் குடையும் சுழல்கருவியின் கைப்பிடியைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் பயன்படுத்தும் வழக்கத்தைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் அது வெப்பத்தால் ஸ்டெரிலைஸ் செய்யப்பட வேண்டிய கருவி.

ஸ்டெத்தாஸ்கோப்பையும் இரத்த அழுத்தக் கருவியின் பட்டையையும் மட்டும் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு வைக்கிறார்களே, அது சரியா?

சரிதான். இயர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் அரை நூற்றாண்டுக்கும் முன் வகுத்துத் தந்த பிரிவினையை உலகம் இன்றும் பின்பற்றுகிறது. இரத்தத்துக்குள்ளும் திசுவுக்குள்ளும் செல்பவை ஸ்டெரைலாக இருக்க வேண்டும். வாய், தொண்டை, குடல் போன்றவற்றின் உட்சவ்வைத் தொடுபவைக்கு உயர்நிலைக் கிருமிநீக்கம், அதாவது வித்துகள் தவிர மற்ற கிருமிகளைக் கொல்லும் அளவு, வேண்டும். கிழியாத தோலை மட்டும் தொடுபவற்றைக் கழுவித் துடைத்தால் போதும். துடைத்தால் போதும் என்றேன். துடைக்காமலே விடுவதைப் பற்றி நான் சொல்லவில்லை.

வீட்டில் பிரஷர் குக்கரில் வைத்தால் ஆட்டோகிளேவ் செய்ததற்குச் சமம் என்கிறார்களே?

இரண்டும் ஒரே இயற்பியல்தான் என்பதால் இந்தக் கருத்து பரவியிருக்கிறது. வளிமண்டலத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் என்றால் நீராவி ஏறக்குறைய 121 பாகையை எட்டும். தடுப்பூசி இயக்கங்களில் மின்சாரம் இல்லாத ஊர்களில், குக்கரைப் போன்ற அழுத்தக் கலங்களில் ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் ஸ்டெரிலைஸ் செய்த காலம் ஒன்று உண்டு. ஆனால் அவை அதற்கென அடுக்குத் தட்டுகளோடு செய்யப்பட்டவை. நேரம் பார்க்கவும் பதிவு எழுதவும் பயிற்சி பெற்றவர்கள் அவற்றைக் கையாண்டார்கள். அப்படியிருந்தும் தவறுகள் நேர்ந்தன. 1999-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இணைந்து, ஒருமுறை அழுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகளுக்கு எல்லா நாடுகளும் மாற வேண்டும் என்று அறிவித்தன.

சமையலறைக் குக்கரில் காற்று முழுவதும் வெளியேறியதா, எவ்வளவு அழுத்தம் எட்டியது என்று சொல்லும் அளவுமானி பொதுவாக இருப்பதில்லை. வெளியே எடுக்கும் பொருள் நனைந்திருக்கும்; அதை எடுக்கும் கை அதை மறுபடி அழுக்காக்கும். வெறுமனே கொதிக்கவைப்பது இன்னும் ஒரு படி கீழே. 100 பாகையில் பெரும்பாலான கிருமிகள் சாகும், வித்துகள் தாங்கிக்கொள்ளும். நெபுலைசர் கிண்ணத்துக்கு அது போதும். தோலைத் துளைக்கும் எதற்கும் போதாது.

நானும் என் கணவரும் சர்க்கரை நோயாளிகள். ஊசியை மட்டும் மாற்றி ஒரே இன்சுலின் பேனாவைப் பயன்படுத்துகிறோம். விரல் குத்தும் கருவியும் ஒன்றுதான். இதில் தவறு உண்டா?

உண்டு அம்மா, இன்றே நிறுத்திவிடுங்கள். பேனாவின் ஊசி தோலுக்குள் இருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமோ திசுநீரோ மருந்துக் குழலுக்குள் திரும்பி ஏறக்கூடும். ஊசியை மாற்றினாலும் குழல் அதேதான். எனவே ஒரு பேனா ஒருவருக்கு மட்டுமே. உங்கள் பேனாவில் உங்கள் பெயரையும் அவருடையதில் அவர் பெயரையும் ஒட்டிவையுங்கள். பேனா வடிவில் இருக்கும் விரல் குத்தும் கருவியும் அப்படியே. லான்செட்டைப் புதிதாகப் போட்டாலும், விரலில் அழுந்தும் அதன் முனை மூடியில் இரத்தம் படிகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில் குறைந்தது 7 நாள் வீரியத்தோடு இருக்கும். இத்தகைய கருவிகளைப் பகிர்ந்துகொண்ட முதியோர் இல்லங்களில் அந்த நோய் பரவியிருக்கிறது.

கணவன் மனைவிக்குள் என்ன வேறுபாடு என்று உங்கள் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். அன்புக்கு வேறுபாடு இல்லை. இரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது இருவருக்கும் ஒன்றல்ல. சர்க்கரை அளவைக் காட்டும் மீட்டரும் ஆளுக்கொன்றாக இருப்பதே நல்லது. முடியாவிட்டால் கையேட்டில் சொல்லியபடி ஒவ்வொரு முறையும் துடைத்துக் கிருமிநீக்கம் செய்யுங்கள். இவ்வளவு நாள் பகிர்ந்துவிட்டதால், இருவரும் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை குறித்து உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

சிரிஞ்சை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாமா?

கூடாது. எந்த நிலையிலும் கூடாது. ஸ்பிரிட் என்பது ஆல்கஹால்தான், அது வித்துகளைக் கொல்லாது. அதோடு, கழுவப்படாத புரதத்தை அது கருவியோடு ஒட்டவைத்துவிடும். 1977-இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை இன்றும் எங்கள் துறையில் பாடமாகச் சொல்லப்படுகிறது. குரோய்ட்ஸ்பெல்ட்-யாகோப் என்ற மூளைநோய் கண்ட ஒருவருக்குப் பயன்பட்ட மின்முனைகளை 70 விழுக்காடு ஆல்கஹாலாலும் ஃபார்மால்டிஹைடு ஆவியாலும் கிருமிநீக்கம் செய்து, வலிப்பு நோயுள்ள இரண்டு இளைஞர்களின் மூளையில் வைத்தார்கள். இருவருக்கும் அதே நோய் வந்தது. அந்த நோய்க்குக் காரணமான பிரையான் என்ற திரிந்த புரதம் வழக்கமான முறைகளுக்கு அழிவதில்லை என்பது பிறகுதான் தெளிவாயிற்று.

சிரிஞ்சின் கதையோ இன்னும் பெரியது. எகிப்தில் சிஸ்டோசோமியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோயை ஒழிக்க 1980-கள் வரை நடந்த ஊசி இயக்கத்தில் கண்ணாடி சிரிஞ்சுகளைச் சரியாகக் கிருமிநீக்காமல் மறுபடி மறுபடி பயன்படுத்தினார்கள். ஒரு நோயைத் தீர்க்கப் போட்ட ஊசி, பெருந்திரளான மக்களுக்கு ஹெபடைடிஸ் சி வைரஸைக் கொண்டுசேர்த்தது. அந்த ஊசிகளைப் போட்டவர்கள் நல்லெண்ணத்தோடு உழைத்தவர்கள் என்பதை நினைக்கும்போது என் மனம் கனக்கிறது.

என் அண்ணனுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. "ஒருமுறை மட்டும்" என்ற குறி போட்ட டயாலிசரை, அதாவது நுண்ணிழைகள் வழியே இரத்தத்தை வடிகட்டும் உருளையை, பலமுறை பயன்படுத்துகிறார்கள். இது ஏமாற்று வேலையா?

ஏமாற்று வேலை என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பேன். 2 என்ற எண்ணை வட்டத்துக்குள் போட்டுக் குறுக்கே கோடிட்டிருக்கும் அந்தக் குறிக்குப் பொருள், தயாரித்தவர் இதை மறுபயன்பாட்டுக்குச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே. அதை மறுபடி பயன்படுத்துபவர் அந்தச் சோதனைப் பொறுப்பு முழுவதையும் தம் தலைமேல் ஏற்கிறார். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டிலிருந்து, இப்படி மறுபதப்படுத்துபவரைத் தயாரிப்பாளராகவே கருதி அதே விதிகளுக்கு உட்படுத்துகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017-ஆம் ஆண்டு விதி, அந்தந்த நாட்டுச் சட்டம் அனுமதித்தால் மட்டுமே இதைச் செய்ய விடுகிறது.

டயாலிசரில் மறுபயன்பாட்டுக்கு உரியதாகவே முத்திரையிட்டு வருபவையும் உண்டு. எந்த வகையானாலும் அது ஒரே நோயாளிக்கு மட்டுமே உரியது. அண்ணனின் பெயர் அதன்மேல் அழியாத மையில் எழுதப்பட்டிருக்க வேண்டும், இயந்திரத்தில் பொருத்துமுன் இருவர் அந்தப் பெயரைச் சரிபார்க்க வேண்டும், அண்ணனும் பார்க்கலாம். கழுவியபின் நுண்ணிழைகளுக்குள் எவ்வளவு நீர் கொள்கிறது என்று அளப்பார்கள். முதலில் இருந்த கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டால், இழைகள் இரத்தக் கட்டியால் அடைபட்டுவிட்டன என்று பொருள். அதைக் கழித்துவிட வேண்டும். கிருமிநீக்கத்துக்கு ஊற்றிய பெரசெட்டிக் அமிலம் முழுவதும் வெளியேறிவிட்டதா என்று சோதனைத் தாளால் பார்த்தபின்தான் இரத்தம் அதற்குள் பாயலாம். ஹெபடைடிஸ் பி உள்ளவரின் டயாலிசரை மறுபயன்பாட்டுக்கு எடுப்பதில்லை. இது எத்தனையாவது முறை, கொள்ளளவு எவ்வளவு, மிச்ச அமிலம் பார்த்தாயிற்றா ஆகிய மூன்றையும் கேளுங்கள். பதிவேட்டைத் திறந்து காட்டும் இடத்தை நம்பலாம். கேள்வியே பிடிக்காத இடத்தைப் பற்றி யோசியுங்கள்.

இழையும் துளையும் நுண்ணியதாக இருக்கும் வேறு எந்த ஒருமுறைக் கருவிக்கும், சிறுநீரை வெளியேற்றச் செருகும் குழாய் முதல் இதயத்துக்குள் செலுத்தும் பலூன் குழாய் வரை, வார்டிலேயே கழுவி மறுபடி எடுப்பதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். பிரித்துக் கழுவ முடியாத பொருளின் உட்புறம் சுத்தமாயிற்று என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

எண்டோஸ்கோபி வழியாகத் தொற்று பரவியதாகப் படித்தேன். எனக்கு அடுத்த மாதம் அந்தப் பரிசோதனை இருக்கிறது. தவிர்த்துவிடலாமா?

தவிர்க்காதீர்கள். அது கண்டுபிடிக்கக்கூடிய நோயோடு ஒப்பிட்டால் தொற்று ஆபத்து மிகக் குறைவு. நீங்கள் படித்தது பெரும்பாலும் டியோடினோஸ்கோப் என்ற தனிவகையைப் பற்றியதாக இருக்கும். பித்தநாளத்துக்குள் கம்பியைத் திருப்பிவிட அதன் நுனியில் ஒரு நுண்ணிய நெம்புகோல் உண்டு; அதன் அடியில் தூரிகை எளிதில் புகாது. விதிப்படி கழுவியபின்னும் அங்கே மருந்துக்கு அடங்காத பாக்டீரியங்கள் தங்கியிருந்ததால்தான் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015-இல் எச்சரித்தது. 2019-இல், நுனிப்பகுதியைக் கழற்றி எறியக்கூடிய வடிவங்களுக்கு மாறச் சொன்னது. கழுவுபவரைக் குறைசொல்லாமல் கருவியின் வடிவத்தையே மாற்றச் சொன்னது சரியான முடிவு என்பது என் கருத்து.

சாதாரண எண்டோஸ்கோப்பும் ஆட்டோகிளேவின் சூட்டைத் தாங்காது. ஆகவே பரிசோதனை முடிந்த படுக்கையருகிலேயே துடைத்து, குழலுக்குள் கரைசலை உறிஞ்சவிட்டு, கசிவு பார்த்து, ஒவ்வொரு துளையிலும் தூரிகை விட்டு, பிறகே கிருமிநாசினியில் ஆழ்த்துவார்கள். தூரிகையின் தலை மறுமுனையில் வெளியே வரும்போது அதில் ஒன்றும் ஒட்டியிருக்கக் கூடாது. ஒட்டியிருந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு உலர்த்தாமல் மாட்டினால் பயனில்லை. ஒரு துளி ஈரம் இரவோடு இரவாகக் கிருமிகளைப் பெருக்கிவிடும். அடுத்தடுத்து நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, கருவி உலர நேரம் தராமல் ஓட்டும் இடத்தில்தான் எனக்குப் பயம்.

எங்கள் தந்தை அண்மையில் மறைந்தார். கட்டில், மெத்தை, சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. தேவைப்படுவோருக்குத் தர விரும்புகிறோம். அவர் நெஞ்சில் இருந்த பேஸ்மேக்கரையும் யாருக்காவது தந்திருக்கலாமோ என்று அம்மா வருந்துகிறார்.

உங்கள் துயரத்திலும் இப்படி நினைத்தது பெரிது. சக்கர நாற்காலியும் கட்டிலும் எளியவை. சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, கைப்பிடி, பிரேக், திருகு ஆகியவற்றைப் பார்த்துத் தாருங்கள். சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொண்டிருக்கும் முடியையும் நூலையும் எடுத்துவிடுங்கள். வீட்டு பிளீச்சால் துடைப்பதானால் நீரில் கலந்து துடைத்து, பின் வெறும் நீரால் மறுபடி துடையுங்கள்; இல்லாவிட்டால் உலோகம் அரிக்கும். பிளீச்சோடு அமிலத்தையோ அம்மோனியா உள்ள திரவத்தையோ சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

மெத்தையில் மட்டும் நிதானம் வேண்டும். உறையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே நுரைப்பஞ்சின்மேல் வெள்ளைத்தாள் ஒன்றை விரியுங்கள். மூடியபின் அதற்கு நேர்மேலே உறையில் சிறிது நீர் ஊற்றி, கை முஷ்டியால் அழுத்திச் சில நிமிடம் விட்டுத் திறந்து பாருங்கள். தாள் நனைந்திருந்தால் உறை நீரைக் கசியவிடுகிறது என்று பொருள். அந்த மெத்தை யாருக்கும் வேண்டாம். நுரைப்பஞ்சில் ஏற்கெனவே கறை இருந்தாலும் அப்படியே.

கான்சன்ட்ரேட்டரைத் தரலாம், மூக்குக் குழாயையும் ஈரப்பதப் புட்டியையும் கழித்துவிடுங்கள். வடிகட்டிகளை மாற்றி, வெளிவரும் ஆக்ஸிஜனின் அடர்த்தியைப் பயிற்சி பெற்றவரைக்கொண்டு அளந்து, பிறகு தாருங்கள். இயந்திரம் ஓடுகிறது என்பதால் ஆக்ஸிஜன் வருகிறது என்று பொருளல்ல.

பேஸ்மேக்கரைப் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள்: அவர் நினைத்தது வீண் நினைப்பல்ல. கனடாவிலிருந்து அப்படிச் சேகரித்து, ஸ்டெரிலைஸ் செய்து, வாங்க வசதியில்லாத வேறு நாட்டு நோயாளிகளுக்குப் பொருத்தியதை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். ஓராயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், புதிய கருவி பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது தொற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அது குடும்பங்கள் தாமாகச் செய்யக்கூடியதல்ல. மின்கலத்தின் மிச்ச ஆயுளை அளந்து, சட்ட அனுமதியோடு, அதற்கென்றே உள்ள அமைப்புகள் செய்வது. பல நாடுகளில் அதற்கு அனுமதியே இல்லை. ஆகவே செய்யத் தவறிவிட்டோம் என்று அவர் மனம் நோக வேண்டாம்.

கட்டிலையும் நாற்காலியையும் தரும்போது கையேடு இருந்தால் அதையும் பையில் வைத்துக் கட்டுங்கள். எந்தப் பாகத்தை எப்போது மாற்றினீர்கள், எதைக் கழுவினீர்கள், எதைப் புதிதாக வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டிவிடுங்கள். வாங்குபவர் உங்களிடம் கேட்கக் கூச்சப்படுவார்.